ஒன்பதாவது கயிறு

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நாங்கள் எட்டுப் பேரும் படகுக் கொட்டகைக்குள் போனபோது கட்டையில் ஒன்பது கயிறுகள் தொங்கின.

முதலில் பார்த்தவன் பெய்னிர். படகுத்துறையில் கயிறு வீசும் வேலை அவனுக்கு. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"யாருடா அது, ஆசைக்கு ரெண்டு கட்டினது? ஒண்ணையே ஒழுங்காக் கட்டத் துப்பில்லை."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கயிறு தொங்கிய இடம் அப்படி. சுவரோரம், ஜன்னல் பக்கம், கட்டையின் கடைசி இடம். பத்தொன்பது வருஷமாக அங்கே யாரும் கயிறு மாட்டியதில்லை. அது பாறையிலிருந்து விழுந்து செத்த ஏயுனின் இடம்.

ஜூன் முதல் வாரம் எங்கள் தீவில் கயிற்று வாரம். சனிக்கிழமை ஒருவர் செங்குத்துப் பாறையில் இறங்கிக் கடற்பறவை முட்டை எடுப்பார். மற்றவர்கள் மேலே புல்லில் குதிகாலை ஊன்றி வரிசையாக உட்கார்ந்து கயிறு பிடிப்போம். அதற்கு முந்தைய ஐந்து நாளும் வேலை முடிந்ததும் கொட்டகையில் கூடி முடிச்சுப் பழகுவோம். படகு கட்ட ஒன்று, அறுந்த கயிற்றைச் சேர்க்க ஒன்று, சாக்கு வாய் கட்ட ஒன்று, திமிறும் ஆட்டைக் கட்ட ஒன்று. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டும், பனிநீரில் விறைத்த விரல்களாலும் போட்டுப் பார்ப்போம். கடைசியாக இடுப்பு முடிச்சு. இறங்குகிறவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அதைப் பழக நெஞ்சு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை வைத்திருக்கிறோம். அவரவர் இடத்தில் நின்று, கட்டையை வயிற்றோடு அணைத்து, அதுதான் தன் இடுப்பு என்று நினைத்து முடிச்சுப் போட வேண்டும். கயிற்றின் மறுமுனையில் வலைப்பைக்குள் அவரவர் கல். அப்படியே தொங்கவிட்டுப் போய்விடுவோம். மறுநாள் மாலை யாருடைய கல் தரையில் கிடக்கிறதோ அவருக்கு அந்த வருஷம் கயிறு கிடையாது. தலைவர் ஹானுஸின் கல் விழுந்தாலும் இதுதான் சட்டம். ஹானுஸின் கல் இதுவரை விழுந்ததில்லை. விழுந்திருந்தால் சட்டம் மாறியிருக்குமோ என்னவோ, எனக்கு அந்த ஆளிடம் அவ்வளவுதான் நம்பிக்கை.

இன்னொரு சட்டமும் உண்டு, இதைவிடப் பழையது. ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொடக்கூடாது. கட்டவும் கூடாது, அவிழ்க்கவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. செத்தாலும் அவன் கை, பிழைத்தாலும் அவன் கை. மேலே கயிறு பிடிப்பவர்கள் மீதி நாளெல்லாம் நிம்மதியாகத் தூங்க வேண்டும் அல்லவா, அதற்காக.

அதனால் அந்த ஒன்பதாவது கயிற்றை யாரும் தொடவில்லை. சுற்றி நின்று பார்த்தோம். மற்ற எட்டும் நைலான். இது பழைய சணல் கயிறு. கறுத்து, உப்புப் பூத்து, நனைந்திருந்தது. நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. கொட்டகைக்கு வெளியே புல்லில் புதைந்து கிடந்த ஏயுனின் கல் அதில் தொங்கியது. அடிப்பக்கம் மண்ணும் பாசியும் அப்படியே இருந்தன.

"பெய்னிர், இது உன் விளையாட்டுன்னா இப்பவே சொல்லிடு," என்றார் ஹானுஸ்.

"சத்தியமா இல்லைண்ணே. இதுல என்ன விளையாட்டு இருக்கு?"

எட்டுப் பேரில் வயதில் இளையவள் துரிதா, இருபத்தைந்து வயது. அவள் ஏயுனின் மகள். அவள் கயிற்றைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை அப்போது கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

நான் பார்த்தது முடிச்சை.

இடுப்பு முடிச்சு பெரிய வித்தை இல்லை. கயிற்றில் ஒரு சிறு கண்ணி போட்டு, நுனியை அதன் அடியிலிருந்து மேலே எடுத்து, மேல்கயிற்றைச் சுற்றி, திரும்ப அதே கண்ணிக்குள் இறக்கி இழுத்தால் முடிந்தது. கண்ணி போடும்போது எந்தக் கயிறு மேலே கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது மாறிப்போனால் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே முடிச்சுதான், பொறுத்தும் நிற்கும். பாரத்தோடு சிறிது நேரம் இருந்துவிட்டு, அவசரமே இல்லாமல் நழுவும்.

அந்த முடிச்சில் கண்ணி மாறியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி ஒரு விரற்கடை உள்ளே போனது. பிறகு இன்னொரு விரற்கடை. யாரோ நிதானமாக இழுப்பது போல. எட்டுப் பேர் நின்றோம், ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் கயிறு கட்டையிலிருந்து சுருண்டு விழுந்தது, கல் பலகைத் தரையில் மோதியது. அந்தச் சத்தத்துக்கு நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"என்ன ரன்வா, கல்லு விழுந்ததுக்கா இந்தக் கத்து?" என்றான் பெய்னிர். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அன்று யாரும் ஒழுங்காகப் பழகவில்லை. ஹானுஸ் அந்தக் கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போனார். விழுந்த பிறகு அது முடிச்சு இல்லை, தொடலாம். கொட்டகைக்கு இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பூட்டுப் போட்டார். சாவி அவர் சட்டைப்பையில்.

புதன்கிழமை ஆறு மணிக்கு அவரே பூட்டைத் திறந்தார். ஒன்பது கயிறுகள் இருந்தன. அதே கயிறு, அதே ஈரம், அதே தப்பு முடிச்சு. நாங்கள் உள்ளே வந்து நிற்கும்வரை காத்திருந்தது போல அப்புறம்தான் நழுவத் தொடங்கியது.

"நேத்து இதை என் மீன் பெட்டியில போட்டு மூடி, மேல நங்கூரத்தை வெச்சேன்," என்றார் ஹானுஸ்.

"நங்கூரம்?" என்றான் பெய்னிர்.

"வெச்ச இடத்துலதான் இருக்கு. பெட்டியும் மூடித்தான் இருந்துச்சு."

கல் விழுந்ததும் துரிதா ஹானுஸிடம் போனாள். வருஷா வருஷம் கேட்பதைத்தான் கேட்டாள், ஆனால் இந்த முறை எல்லார் முன்னாலும்.

"சனிக்கிழமை நான் இறங்குறேன், பெரியப்பா."

"இந்தக் கண்றாவியைப் பாத்துட்டும் கேக்குறியா நீ?"

"பாத்ததாலதான் கேக்குறேன்."

"கயித்தைப் பிடி, வேணாங்கலை. இறங்குறது மட்டும் ஆகாது. உங்கப்பன் கை சரியில்லை, தன் முடிச்சே தன்னைக் கொன்னுது. அந்தக் கை உனக்கும் இருக்கும். உன்னைத் தூக்கிட்டு வர்றதுக்கு எனக்குத் தெம்பில்லை."

"எங்கப்பா கை சரியில்லைன்னு யாரு பாத்தா?"

"ஊரே பாத்துச்சு. கயிறு வெறுமையா மேல வந்துச்சே."

அவள் தன் இடத்துக்குப் போனாள். கட்டையை அணைத்து, கண்ணை மூடி, மூன்று மூச்சுக்குள் முடிச்சுப் போட்டாள். எங்கள் எட்டுப் பேரில் அவளுடையதுதான் எப்போதும் சுத்தமான முடிச்சு. ஹானுஸுக்கும் அது தெரியும்.

எனக்கு அதைவிட அதிகம் தெரியும். ஏயுனின் கையில் ஒரு குறையும் இல்லை. அவன் இடுப்பில் இருந்தது நான் போட்ட முடிச்சு.

இதை எழுதும்போதே விரல்கள் குளிர்கின்றன. ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மூடுபனி. மற்றவர்கள் விளிம்பில் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏயுன் ஆட்டுப்பட்டிச் சுவருக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான். இரண்டு நாளுக்கு முன் இறைச்சி அறுக்கும்போது கட்டைவிரலைப் பிளந்துகொண்டிருந்தான். கையுறையைக் கழற்றிக் காட்டினான், துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"விரல் மடங்க மாட்டேங்குது, ரன்வா. நீ கட்டிவிடு. ஹானுஸுக்குத் தெரிஞ்சா இறங்க விடமாட்டான்."

"உனக்கென்ன பைத்தியமா? அடுத்தவன் முடிச்சைக் கட்டினா என்னைத் தொலைச்சிடுவாங்க."

"நீ சொல்லாதே, நானும் சொல்லலை. சீக்கிரம்."

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கயிற்று வரிசையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண் நான். மூன்று வருஷம் சண்டை போட்டு வாங்கிய இடம் அது. நான் கட்டினேன். எதிரில் நின்று கட்டினேன். வாழ்நாளெல்லாம் என் வயிற்றோடு அணைத்துப் பழகிய முடிச்சை முதல்முறையாக எதிரில் நிற்பவன் இடுப்பில் போட்டேன். வலது இடதாயிற்று, உள்ளே வெளியேயாயிற்று. அடுத்தவர் முடிச்சைத் தொடக்கூடாது என்ற ஊரில் அடுத்தவருக்குக் கட்ட எங்கே பழகுவது? கண்ணி மாறிப்போனது எனக்குத் தெரியவில்லை. அவன் இழுத்துப் பார்த்தான், நின்றது. என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான்.

கயிறு என் கையில்தான் லேசானது. நானும் எல்லாரையும் போல "ஐயோ" என்றேன். மாலைக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஏயுன் அவசரக்காரன், கை சரியில்லாதவன், தன் முடிச்சால் செத்தவன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இனி எந்தப் பெண்ணுக்கும் கயிறு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய தியாகிதான் நான். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பழகினேன். பத்தொன்பது குளிர்காலம். கதவுக்குப் பின்னால் தொங்கும் என் புருஷனின் மேல்கோட்டுக்கு எதிரில் நின்று, அதன் இடுப்பில் அந்த முடிச்சைப் போட்டுப் போட்டுப் பழகினேன். கண்ணி இப்போது ஒருமுறைகூட மாறுவதில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

வியாழக்கிழமை மீன் ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மதியமே கொட்டகைக்குப் போனேன். ஹானுஸ் வீட்டில் கழற்றிப்போட்ட சட்டையிலிருந்த சாவியை அவர் மனைவியிடம் வாங்கினேன், தொப்பியை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி. வெளியே நல்ல வெயில். உள்ளே காலடியில் தண்ணீர் நின்றது. ஒன்பதாவது கயிறு கல்லோடு தொங்கியது, என் தப்போடு. யாரும் பார்க்க வராததால் அது நழுவவில்லை.

"என்ன வேணும் உனக்கு?" என்று சத்தமாகக் கேட்டேன். ஏயுனிடம்தான் கேட்டேன், வேறு யாரிடம்? சொட்டுவது ஒரு நொடி நின்று, திரும்பத் தொடங்கியது.

எனக்கு ஆத்திரம் வந்தது. முடிச்சை அவிழ்த்தேன். கயிறு பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது. கட்டையின் எதிர்ப்பக்கம் நின்று, அவன் எதிரில் நிற்பதாக நினைத்துச் சரியாகக் கட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். கல்லோடு சேர்ந்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. "போதுமா? இப்ப சரியா இருக்கில்ல?" என்று அழுதுகொண்டே பூட்டிவிட்டு வந்தேன்.

ஆறு மணிக்கு எல்லாரோடும் ஒன்றும் தெரியாதவளாக உள்ளே போனேன். முடிச்சு மறுபடி தப்பாக இருந்தது. நழுவி விழுந்தது. அது விழுந்த அதிர்வு அடங்குவதற்குள் இன்னொரு கயிறு நழுவும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். என் கயிறுதான். முந்தின நாள் நான் கட்டி, எல்லாரும் பார்த்த என் சொந்த முடிச்சு. அதில் கண்ணி மாறியிருந்தது. என் கல் என் காலுக்கு அருகில் விழுந்தது.

"சட்டம் சட்டம்தான், ரன்வா. இந்த வருஷம் உனக்குக் கயிறு இல்லை," என்றார் ஹானுஸ். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. புருஷன் ருபார்ப் கேக்கை முன்னால் வைத்துவிட்டு, "ஒரு வருஷம்தானே, அதுக்கா இப்படி?" என்றார். அவருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போனேன். வாசலில் ஹானுஸ் தடுத்தார்.

"உன் கல்லு விழுந்தாச்சு. வீட்டுக்குப் போ."

"ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டுப் போறேன்."

உள்ளே ஒன்பதாவது கயிறு தொங்கியது. இன்னும் நழுவத் தொடங்கவில்லை. நான் அதற்கு முதுகைக் காட்டி, எல்லாரையும் பார்த்து நின்றேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அந்த முடிச்சு ஏயுன் போட்டதில்லை," என்றேன். "நான் போட்டது. அவன் விரல் பிளந்திருந்துச்சு. பட்டிச் சுவருக்குப் பின்னால நின்னு நான்தான் கட்டினேன். கண்ணியை மாத்திக் கட்டினேன். அவன் கையில ஒரு குத்தமும் இல்லை. இத்தனை வருஷமும் நான் வாயை மூடிட்டு இருந்தேன்."

பெய்னிர் தொப்பியைக் கழற்றினான். நான் துரிதாவை மட்டும் பார்த்தேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"கட்டினது நீங்கன்னு தெரியாது. அப்பா கட்டலைன்னு தெரியும். அன்னிக்குக் காலையில அவர் பூட்ஸு நாடாவையே அம்மாதான் கட்டிவிட்டாங்க. அந்த விரலை வெச்சு எப்படி முடிச்சுப் போடுவாரு? அம்மா ஊர்ல சொன்னாங்க, யாரும் கேக்கலை. புருஷனைக் காப்பாத்தப் பேசுறான்னாங்க." அவள் ஹானுஸை ஒரு பார்வை பார்த்தாள். "அதான் பரண்ல இருந்த அப்பாவோட பழகுற கயித்தை எடுத்துட்டு வந்து திங்கட்கிழமை நீங்க எல்லாரும் போனப்புறம் அவர் இடத்துல போட்டேன். யாரு முகம் மாறுதுன்னு பாக்கலாம்னு. செவ்வாய்க்கிழமை உங்க முகம் மாறுச்சு, அத்தை."

"அப்போ எல்லாம் உன் வேலையா!" என்றான் பெய்னிர். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "உசுரை எடுத்துட்டியே பொண்ணே! மூணு ராத்திரியாத் தூக்கமில்லை எனக்கு."

துரிதா அவனைப் பார்க்கவில்லை.

"நான் போட்டது ஒருநாள்தான். காய்ஞ்ச கயிறு. கட்டை மேல சும்மா போட்டேன், அவ்வளவுதான். கல்லை நான் தொடலை. முடிச்சும் போடலை. அப்பா இடத்துல நான் எப்படி முடிச்சுப் போடுவேன்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "எந்த மாதிரி தப்பு நடந்துச்சுன்னே இப்ப நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும்?"

பெய்னிரின் நிம்மதி எங்கே போனதோ. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கட்டையின் கடைசி இடத்தைப் பார்த்தோம். கயிறு கட்டை மேல் சும்மா கிடந்தது. முடிச்சு இல்லை, கல் இல்லை. ஹானுஸ் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"காய்ஞ்சிருக்கு," என்றார்.

பிறகு அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் என்னிடம் சொன்னார்: "இனிமே கயிறுன்னு எங்கயும் வந்து நிக்காதே. இந்த வருஷம் மட்டுமில்லை, என்னிக்கும்." நான் தலையாட்டினேன். பிறகு துரிதாவிடம் திரும்பினார். "நீ இறங்கலாம்."

"இறங்குறேன். ஆனா முடிச்சு நான் போடமாட்டேன்," என்றாள் துரிதா. "அத்தை போடட்டும்."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சட்டம் என்றார்கள், பைத்தியம் என்றார்கள், அம்மாவை நினைத்துப் பார் என்றார்கள். அவள் எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அந்தச் சட்டத்தாலதான் எங்கப்பா செத்தாரு. ஊர்ல ஒருத்தருக்காவது எதிர்ல நின்னு கட்டத் தெரிஞ்சிருந்தா அவர் இருந்திருப்பாரு." என் பக்கம் திரும்பினாள். "கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"வேண்டாம், கண்ணு. என்னால முடியாது."

"பழகியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டு ஜன்னல்ல திரை கிடையாது. குளிர்காலம் முழுக்க அந்தக் கோட்டோட நீங்க என்ன பண்றீங்கன்னு ஊர்ல பாதிப் பேர் பேசிக்கிறாங்க. கிறுக்குன்னு சொல்றாங்க. எனக்குத்தான் அது கிறுக்காத் தெரியலை."

சனிக்கிழமை காற்று இல்லை. மேலே ஏறும் வழியில் துரிதாவின் அம்மா எல்ஸ்பா வேலியோரம் நின்றிருந்தாள். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலும். நான் நின்றேன், "எல்ஸ்பா" என்றேன். அவள் என்னைத் தாண்டி, மகளின் இன்னும் கயிறு கட்டாத இடுப்பைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் என்னோடு பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

விளிம்பில் துரிதா என் எதிரில் கைகளை விரித்து நின்றாள். இப்போது இடுப்புப் பட்டை, தலைக்கவசம், வாக்கி-டாக்கி எல்லாம் வந்துவிட்டன. என்ன வந்தாலும் பட்டையைக் கயிற்றோடு சேர்ப்பது அந்த ஒரு முடிச்சுதான். கண்ணி போட்டேன். எந்தக் கயிறு மேலே இருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போட்டேன், சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல. நுனி, சுற்று, உள்ளே, இழு. பிரித்துத் திரும்பப் போட்டேன். மூன்றாம் முறை துரிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், அத்தை. இதுக்கு மேல அவுத்தா எனக்குப் பயம் வந்துடும்."

"நீயே ஒருதரம் பாத்துக்கோ."

"பாக்கமாட்டேன்."

ஹானுஸ் குனிந்து பார்த்தார், தொடாமல். தலையாட்டினார். இறங்குகிறவள் ஒருத்தி போக வரிசையில் ஆள் குறைந்தது. "உக்காரு. இன்னிக்கு ஒருநாள் மட்டும்," என்று என் பழைய இடத்தைக் காட்டினார். விளிம்புக்கு மிக அருகில் இருக்கும் இடம். அவள் பின்பக்கமாக நகர்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே விளிம்பைத் தாண்டினாள். பாரம் கயிற்றில் வந்து இறங்கியது. என் முடிச்சில் ஒரு உயிர்.

பாகம் பாகமாக, இரு கை விரித்த நீளம் ஒன்றொன்றாக, கயிறு விட்டோம். ஹானுஸ் எண்ணிச் சொன்னார். கீழே பறவைக் கூச்சல் காதைப் பிளந்தது. இருபதாவது பாகத்தில் அது நின்றது. ஆயிரக்கணக்கான பறவைகள், ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அன்று கயிறு லேசானதும் இங்கேதான். எனக்கு அது தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். யாரும் சொல்லாமலே எல்லாருடைய கையும் கயிற்றில் இறுகியது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அத்தை."

ஹானுஸ் அதை என் வாயருகே நீட்டினார்.

"சொல்லு, துரிதா."

"மேல யாராச்சும் கயித்தை ஆட்டுறீங்களா?"

"இல்லையே."

"யாரோ முடிச்சைத் தொடுறாங்க."

அந்த இடத்தில் கால் வைக்கத் திட்டு கிடையாது. வழுவழுப்பான பாறை, அடியில் கடல். "இழுங்க! இழுத்துடுங்க!" என்று பின்னாலிருந்து பெய்னிர் கத்தினான். ஹானுஸ் கையைத் தூக்கி அவனை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முடிச்சு என்னுடையது, வார்த்தையும் நான்தான் சொல்ல வேண்டும்.

"அவுக்குறாங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

கயிற்றில் பாரம் இருந்தது. அந்தப் பாரத்துக்குள் சின்னச் சின்னதாக ஒரு இழுப்பு வந்துகொண்டிருந்தது. விரல்கள் ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் போனால் அப்படித்தான் வரும்.

"இல்லை," என்றாள் துரிதா. "பாக்கிறாங்க. கண்ணியைப் பாக்கிறாங்க... இப்ப நுனியை இழுத்துப் பாக்கிறாங்க."

நாங்கள் மூச்சு விடாமல் பிடித்திருந்தோம்.

"சரியா இருக்காம்," என்றாள்.

"யாரு சொல்றா? துரிதா, யாரு சொல்றா?" என்று ஹானுஸ் கேட்டார். அவள் என்னிடம்தான் பேசினாள்.

"சரியா இருக்காம், அத்தை. இறக்கச் சொல்றாங்க."

எனக்குக் கண் மறைத்தது. அழுதுகொண்டே இருபத்தோராவது பாகத்தை விட்டேன்.